முடிவு எழுதியாயிற்றென்றால் எதற்குக் கேட்பது?

அன்புத் தங்கச்சிக்கு,

ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலடியில் கூடாரம் அடித்திருந்த இரவு, சின்னம்மா செபமாலையோடு கண்ணயர்ந்த பிறகு, நீ மெல்லக் கேட்டாய்: "ஆண்டவர் எல்லாத்தையும் முன்னமே தீர்மானிச்சிட்டார் எண்டால், அம்மா ஏன் காணாமல்போன அண்ணாவுக்காக ஒவ்வொரு நாளும் மன்றாடுறா?" அன்று பதில் சொல்லாமல் தேத்தண்ணி வாங்கப் போய்விட்டேன். அந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னோடுதான் இருக்கிறது.

சித்தப்பாவின் மானாவாரி வயலை நினைத்துப் பார். மாரி மழை வருமுன்னமே புழுதியில் விதைக்கிறார். விளைச்சல் கடவுள் கையில் என்று அவரைவிட உறுதியாக நம்புகிறவர் நம் ஊரில் இல்லை. அதற்காக விதைநெல்லை வீட்டில் வைத்திருப்பதில்லை. 13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினா செபத்தைப் பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். கடவுள் என்ன நடக்கவேண்டும் என்பதை மட்டும் தீர்மானிக்கவில்லை, எதன் வழியாக நடக்கவேண்டும் என்பதையும் தீர்மானித்தார். நாம் மன்றாடுவது அவர் மனத்தை மாற்றவல்ல. மன்றாட்டின் வழியாகத் தர அவர் நினைத்ததைப் பெறுவதற்கு.

இறைவாக்கினர் எலியாவைப் பார். 'மழை பெய்யச் செய்வேன்' என்று ஆண்டவர் முதலே சொல்லிவிட்டார். அப்படியிருந்தும் அவர் கார்மேல் மலையில் ஏறி, முகத்தை முழங்கால்களுக்கு இடையில் புதைத்துக் குனிந்திருந்தார். கடல் பக்கம் பார்த்துவரப் பணியாளனை ஏழு தரம் அனுப்பினார். ஏழாம் தரம்தான் உள்ளங்கை அளவு மேகம் ஒன்று தெரிந்தது. வாக்கு கிடைத்ததால்தான் அவ்வளவு பிடிவாதமாகக் கேட்டார் என்று நினைக்கிறேன். எருசலேம் பாழாய்க் கிடக்கும் என்று எரேமியா சொன்ன 70 ஆண்டுகளை நூலில் படித்தறிந்த தானியேலும் சும்மா இருக்கவில்லை. சாக்கு உடுத்தி, சாம்பலில் இருந்து மன்றாடினார்.

ஆனால் உனக்கு இது போதாது. எலியாவுக்கு வாக்கு இருந்தது. அண்ணாவைப் பற்றி நமக்கு யாரும் வாக்குத் தரவில்லை. போர் நெருங்கிய 2008 சித்திரையில் மாதாவின் சுருபமே மடுவை விட்டுத் தேவன்பிட்டிக்குப் போனது. அடுத்த வருசம் வைகாசிக்குள் எத்தனை பேர் செபமாலையைக் கையில் வைத்தபடியே போய்விட்டார்கள். செபம் சொன்னவை தப்பினவை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சொல்லிக்கொண்டே செத்தவையும் எங்கட ஆக்கள்தான்.

அந்த இடத்தில் எனக்கு, இயேசு பிடிபடுமுன் மன்றாடிய கெத்சமனித் தோட்டத்தைத் தவிர வேறொன்றும் இல்லை, தங்கச்சி. தந்தையின் விருப்பம் என்னவென்று இயேசுவுக்குத் தெரியும். தெரிந்தும் 'இந்தத் துன்பக் கிண்ணத்தை எடுத்துவிடும்' என்று கேட்டார். ஒருமுறையல்ல, திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார். 'உமது விருப்பம்' என்று சொன்னதும் அதே வாயால்தான். கிண்ணம் அகலவில்லை. என்றாலும் கேட்டது பிழையென்று தந்தை சொல்லவில்லை. சின்னம்மாவின் மன்றாட்டும் அந்த வகைதான். கடவுள் ஆளுகிறார் என்று நம்பாதவள் இத்தனை வருசமாக அவர் வாசலில் நிற்பாளா?

அண்ணா எங்கே என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

வருகிற வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வாறன். அன்று செபமாலையில் துக்க தேவ இரகசியங்கள். முதலாவது, அந்தத் தோட்டத்து வேதனை. சின்னம்மாவுக்கு இப்போது குரல் அடைக்கிறது. முதல் பத்து மணியை நீ சொல்லு.

அன்புடன்,
அக்கா