எடை முழுக்க அடியில் இருக்கிறது, தம்பி

தம்பி,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை உங்கம்மா நாலு தடவை கேட்டுவிட்டாள். "ரெண்டு நாளா கப்பல் ஆடுது, கிச்சன்ல தட்டெல்லாம் கட்டி வச்சிருக்கோம், தூக்கமே இல்லப்பா" என்று சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து எங்களுக்கும் தூக்கம் வரவில்லை. போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. எழுதி அனுப்புகிறேன், சிக்னல் வரும்போது படி.

நம் ஊருக்குக் கடல் தூரம்தான். ஆனால் 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறி, அப்புறம் இங்கே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியபோது, ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேனையும் காரையும் தண்ணீர் உருட்டிக்கொண்டு போனதே, அதை நேரில் பார்த்தவன் நான். அன்றிலிருந்து புயல் என்ற வார்த்தையைக் கேட்டாலே வயிறு கலங்குகிறது. நீயோ சொகுசுப் பயணிகள் கப்பலின் கிச்சனில் வேலை பார்த்துக்கொண்டு நடுக்கடலில் இருக்கிறாய். பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைவிட அந்தக் கப்பல் எப்படித்தான் தாங்குகிறது என்று தெரிந்துகொள்வோம் என்று, நீ வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து படித்தும் வீடியோ பார்த்தும் வருகிறேன். முப்பது வருஷம் லாரி ஓட்டியவன் கண்ணுக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

எனக்கு முதல் சந்தேகம் உயரம்தான். தண்ணீருக்கு மேலே பதினைந்து மாடி நிற்கிறது, தண்ணீருக்குள் இருப்பது எட்டு ஒன்பது மீட்டர். வைக்கோல் லோடு ஏற்றிக்கொண்டு வளைவு திரும்பியவனுக்கு இதைப் பார்த்தால் பதறத்தான் செய்யும். ஆனால் இன்ஜின், எண்ணெய் டேங்க், குடிதண்ணீர் டேங்க், எடைக்காக நிரப்பும் கடல்நீர் என்று கனமானது எல்லாம் அடியில் இருக்கிறது. மேல் மாடிகளுக்கு மெல்லிய தகடு, சில கப்பல்களில் அலுமினியம்கூடப் போடுகிறார்கள். வெளியே இருந்து பார்த்தால் வைக்கோல் லாரி, உள்ளே இருப்பது நம்மூர் கிரானைட் லோடு. சாய்ந்தாலும் அந்த அடி எடையும் கப்பலின் அகலமும் சேர்ந்து திரும்ப நிமிர்த்திவிடும்.

பாதி நிறைந்த டேங்கர் எவ்வளவு ஆபத்து என்று உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறேன், வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் உள்ளே இருக்கும் தண்ணீரும் அதே பக்கம் ஓடி மேலும் சாய்க்கும். கப்பலிலும் அதே கதைதான். அதனால்தான் டேங்குகளைப் பல அறைகளாகப் பிரித்திருக்கிறார்கள், முடிந்தவரை ஒரு டேங்கை முழுக்க நிரப்பியோ முழுக்கக் காலியாகவோ வைக்கிறார்கள். நேற்று நீச்சல் குளத்துத் தண்ணீரை இறக்கிவிட்டார்கள் என்று நீ சொன்னதற்கும் இதுதான் காரணம்.

பக்கவாட்டில், தண்ணீருக்குள், மீனுக்கு இருப்பது மாதிரி இரண்டு பெரிய துடுப்புகள் நீட்டிக்கொள்ளுமாம். கப்பல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கருவி உணர்ந்து, அதற்கு எதிராக அவற்றைத் திருப்பி ஆட்டத்தை அடக்குகிறது. ஆனால் கப்பல் ஓடினால்தான் அந்தத் துடுப்புக்குப் பலம். பெரிய அலையில் கேப்டன் வேகத்தைக் குறைத்தால் ஆட்டம் கூடத்தான் செய்யும். ஆட்டம் கூடிவிட்டதே, ஏதோ உடைந்துபோச்சு என்று நினைத்துக்கொள்ளாதே.

பெரிய பாதுகாப்பு புயலுக்குள் போகாமல் இருப்பதுதான். உங்கள் கப்பல் மணிக்கு 40 கிலோமீட்டர் வரை ஓடும், வெப்பக் கடல்களில் வரும் புயல் பெரும்பாலும் அதில் பாதி வேகத்தில்தான் நகரும். முன்கூட்டியே தெரிந்தால் ஒதுங்கிவிடலாம். ஒரு ஊரை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனதற்குப் பயணிகள் சண்டை போட்டார்கள் என்றாயே, அந்தக் கேப்டன் செய்தது நூற்றுக்கு நூறு சரி.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போன வண்டிகளை எத்தனை பார்த்திருப்பேன். இன்ஜின் பிடியில் இருக்கிறவரை வண்டி நம் கையில். கடலிலும் அப்படித்தான். கேப்டன் கப்பலின் மூக்கை அலைக்கு நேராக வைத்துக்கொள்வார். இன்ஜின் நின்றால் சுக்கானுக்கு வேலை இல்லை, கப்பல் பக்கவாட்டில் திரும்பி அலையை விலாவில் வாங்கும்.

2019 மார்ச் 23-ல் நார்வே கரையோரம் வைக்கிங் ஸ்கை என்ற கப்பலுக்கு இதுதான் நடந்தது. 2017-ல் வந்த புதுக் கப்பல், உள்ளே 1,373 பேர். கப்பலை ஓட்டக் கரண்ட் தரும் நாலு ஜெனரேட்டர் இன்ஜினில் ஒன்று ரிப்பேரில் இருந்தது. மற்றவற்றில் இன்ஜின் ஆயில் அளவு குறைவு. கப்பல் ஆட ஆட ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சி, இன்ஜின்கள் தானாக நின்றுவிட்டன. நங்கூரம் போட்டும் காற்று இழுத்துக்கொண்டு போனது, பாறைக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு கப்பல் நீளம்கூட இல்லாத நேரத்தில் இன்ஜினைக் கிளப்பினார்கள். 400-க்கும் மேற்பட்டவர்களை ஹெலிகாப்டரில் தூக்கினார்கள். உயிர்ச் சேதம் இல்லை, மறுநாள் கப்பல் மோல்டே துறைமுகம் சேர்ந்தது. இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. காலையில் வண்டி எடுக்குமுன் ஆயில் குச்சியை உருவிப் பார்க்கிற வேலைதானே அது, தம்பி.

அதனால் உங்கள் இன்ஜின் ரூம் ஆட்களைப் பார்த்தால் மரியாதையாகப் பேசு, அவர்களுக்குச் சூடாகச் சாப்பாடு போடு. ஆபத்து நேரத்துக்கான பயிற்சிக்கு, டிரில் என்று கூப்பிட்டால் அலுத்துக்கொள்ளாமல் போ. லைஃப் ஜாக்கெட்டை இருட்டிலும் கட்டத் தெரியவேண்டும், பழகிக்கொள். அந்த நார்வே கப்பல் வீடியோவில் நாற்காலிகளும் மேசைகளும் வழுக்கிக்கொண்டு வந்து ஆட்களை இடிப்பதைப் பார்த்தேன். உனக்கு அதைவிடக் கொதிக்கிற எண்ணெய்தான் பயம். கப்பல் ஆடும்போது வறுக்கச் சொன்னால் முடியாது என்று தலைமைச் சமையல்காரரிடம் சொல்லிவிடு, அதற்காக யாரும் கோபித்தால் கோபிக்கட்டும். ஒரு கை எப்போதும் பிடிமானத்தில் இருக்கட்டும்.

நீ எந்த மாடியில் படுக்கிறாய் என்று அம்மா கேட்கிறாள். தண்ணீர் மட்டத்துக்குக் கிட்டே, கப்பலின் நடுப்பக்கம் என்றால் ஆட்டம் குறைவு என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்படித்தானா என்று நீயே அவளுக்குச் சொல்.

சிக்னல் வந்ததும் வெறும் "சரி" என்று போட்டாலும் போதும். எந்த நேரமானாலும் போடு, முழித்துக்கொண்டுதான் இருப்போம்.

அப்பா
ஊத்தங்கரை