கீழாநெல்லி கேட்டிருந்தாய்

அன்புள்ள தம்பிக்கு,

உன் ரூமில் இருக்கும் பையனுக்கு மஞ்சள் காமாலை, கீழாநெல்லி அனுப்பு என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். அவனுக்கும் படித்துக் காட்டு.

கீழாநெல்லி நம் வரப்பில் இப்போது நிறையக் கிடக்கிறது. ஐப்பசி மழைக்குத் தானாகவே வந்துவிட்டது. ஆனால் அதைப் பறிப்பதற்கு முன் அவன் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வரவேண்டும். நாளை காலையிலேயே கூட்டிக்கொண்டு போ. கண் மஞ்சளாவதற்குக் காரணம் ஒன்றல்ல. ஹெபடைட்டிஸ் என்றால் ஈரல் அழற்சி, அதை உண்டாக்கும் வைரஸ்களில் கெட்ட தண்ணீரில் வரும் ஏ, ஈ இருக்கின்றன. ரத்தத்தின் வழியாகப் பரவும் பி, சி இருக்கின்றன. எலிக்காய்ச்சலிலும் மஞ்சள் வரும். பித்தக்குழாயில் கல் அடைத்துக்கொண்டாலும் வரும். அந்தக் கல்லை எந்தச் செடியும் எடுக்காது. கண்ணைப் பார்த்து இது இன்னதென்று சொல்ல என்னால் முடியாது. இத்தனை வருஷம் செவிலியராக வேலை பார்த்தும் முடியாது. பிலிருபின் (மஞ்சள் நிறத்தைத் தரும் பொருள்), எஸ்.ஜி.பி.டி. (ஈரல் பாதிப்பைக் காட்டும் அளவு), எந்த வைரஸ் என்கிற சோதனை, டாக்டர் சொன்னால் ஒரு ஸ்கேன், இவ்வளவும் பார்த்தால்தான் தெரியும்.

அவன் பகலெல்லாம் மயக்கமாகத் தூங்கினாலோ, பேச்சு குழறினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பல் ஈறில் ரத்தம் வந்தாலோ காத்திருக்காதே. ராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடு.

இப்போது செடி. நம் பக்கத்தில் வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, அம்மியில் மைபோல் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருண்டையை மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். உன் பாட்டி ஆட்டுப்பாலில் கொடுப்பார். சாற்றை நல்லெண்ணெயில் காய்ச்சித் தலைக்குத் தேய்ப்பதும், உப்புச் சேர்த்து அரைத்துச் சொறி சிரங்குக்குப் பூசுவதும் உண்டு. இதே குடும்பத்துச் செடியை பிரேசிலில் சிறுநீரகக் கல்லுக்குக் கஷாயம் வைக்கிறார்கள்.

மோர்க் கலவையைக் குடித்துப் பிழைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். செடியால் மட்டுமே பிழைத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஏ, ஈ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே வடிந்துவிடும். அந்த நாட்களில் எண்ணெய்ப் பலகாரம் இல்லாமல், சாராயம் இல்லாமல், மோரும் கஞ்சியுமாக ஓய்வில் வைத்திருந்தது பெரிய உதவி. நம் ஆட்கள் அதைக் கவனித்து வைத்திருந்தார்கள், அந்தக் கவனிப்பை நான் மதிக்கிறேன்.

இதை விஞ்ஞானிகளும் சும்மா விடவில்லை. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு வாங்கிய புளும்பெர்க், நம் சென்னைப் பல்கலைக்கழகத்து தியாகராஜனோடு சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்தார். 1988-இல் ‘லான்செட்’ என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. பி வைரஸை உடம்பில் சுமந்திருந்த 37 பேருக்கு ஒரு மாதம் பொடி கொடுத்ததில் 22 பேர் ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. பின்னால் வேறு ஊர்களில் செய்து பார்த்தபோது அந்த அளவுக்குப் பலன் கிடைக்கவில்லை. அதனால் பி என்று ரிப்போர்ட் வந்தால் டாக்டர் சொல்வதை விட்டுவிட்டுச் செடியை மட்டும் நம்பக்கூடாது.

கடையிலோ ஆன்லைனிலோ பொடி வாங்கிக் கொடுத்துவிடாதே. பொடியானபின் எந்தச் செடி என்று கண்ணால் சொல்ல முடியாது. பச்சையாக இருந்தால் நானே பார்த்துவிடுவேன். புளியிலை மாதிரி இரண்டு வரிசை இலை, ஈர்க்கைத் திருப்பினால் அடியில் கடுகளவு பச்சைக் காய்கள் வரிசையாக, சிறு காம்போடு வழவழப்பாக இருக்கும். தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் அது வேறு வகை. சாயங்காலம் இலை மூடிக்கொள்ளும், அதனால் காலையிலேயே பறிப்பது வழக்கம். களைக்கொல்லி அடித்த வரப்பு என்றால் நான் தொடவே மாட்டேன்.

இன்னொன்று, உப்பில்லாப் பத்தியம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வாந்தி எடுக்கிறவனுக்கு உப்பு வேண்டும், சோறும் வேண்டும். ரோட்டோரக் கரும்புச்சாறு காமாலைக்கு நல்லது என்று குடிக்கிறார்கள். அந்த ஐஸ் எந்தத் தண்ணீரோ, நோயே அதில்தான் வந்திருக்கும். தலைவலி, காய்ச்சல் என்று டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமால் போடவேண்டாம். மணிக்கட்டில் சூடு வைப்பது, கண்ணிலும் மூக்கிலும் சாறு விடுவது, இதெல்லாம் ஊரில் இன்னும் நடக்கிறது. சூட்டுப் புண் சீழ் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்த குழந்தைகளுக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன். ஈரலுக்கும் மணிக்கட்டுக்கும் என்ன சம்பந்தம்? நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. ஏ அல்லது ஈ என்று இருந்து, மோரில் கொஞ்சம் கொடுக்கலாம் என்று அவன் டாக்டர் சொன்னால், செடியைக் கழுவி நிழலில் உலர்த்தி, பொடிக்காமல் முழுசாகவே அனுப்பிவைக்கிறேன். டாக்டரிடம் மறைத்துக் கொடுப்பதாக இருந்தால் அனுப்பமாட்டேன்.

நீயும் பத்திரமாக இரு. அவனுடைய தட்டு, டம்ளர் தனியாக இருக்கட்டும். கக்கூஸ் போய்வந்ததும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், கேன் தண்ணீரையும் கொதிக்கவைத்தே குடியுங்கள். ஏ வகைக்குத் தடுப்பூசி உண்டு, உனக்கு வேண்டுமா என்று அதே டாக்டரிடம் கேள். நீ பிறந்தபோது பி ஊசி அரசாங்க அட்டவணையில் இல்லை, நாடு முழுக்க 2011 வாக்கில்தான் வந்தது. நான் தனியாகக் காசு கொடுத்து மூன்று தவணையும் போட்டுவிட்டேன், அட்டை பீரோவில் இருக்கிறது. அந்தப் பையனுக்குப் போட்டிருக்கிறதா என்று அவன் அம்மாவிடம் கேட்கச் சொல்.

அன்புடன்,
அம்மா