ராத்திரி பேக்கப்பும் ஒரு வார்னிங்கும்

மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, கோபித்துக்கொள்ளாதே. அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இனி பேப்பரை யார் கைக்கும் விடமாட்டார், பார்.

இங்கே ஒரு கூத்து. பழைய சர்வரை விட்டு, உபுண்டு 22.04 (லினக்ஸ்தான்) புதிதாகப் போட்ட மெஷினுக்கு மாறினோம். ராத்திரி போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் பேக்கப் ஸ்கிரிப்டை என் ஹோமில் (என் சொந்த டைரக்டரியில்) நின்று ஓட்டினால், 'அந்த டைரக்டரிக்குப் போக முடியவில்லை, பெர்மிஷன் இல்லை' என்கிறது. நான் எங்கே போகச் சொன்னேன்? இதே ஸ்கிரிப்ட் பழைய மெஷினில் வருஷக்கணக்காக வாயைத் திறக்காமல் ஓடியது! பயந்துபோய் டம்ப் ஃபைலை, அதாவது எடுத்து வைத்த பேக்கப்பை, திறந்தேன். கடைசி வரி வரை முழுசாக இருந்தது.

சூடோ (வேறு யூசர் பெயரில் ஓட்டும் கமாண்ட்) போட்டு போஸ்ட்கிரெஸ் யூசராக ஓட்டும்போது ஆள்தான் மாறுகிறார், நிற்கிற டைரக்டரி மாறுவதில்லை. அது பிராசஸோடு, அதாவது ஓடுகிற புரோகிராமோடு, ஒட்டியது. யூசர் ஐடியை மாற்றும்போது கெர்னல் (சிஸ்டத்தின் மையம்) அதைத் தொடாது. உபுண்டு 21.04க்கு முன்னால் ஹோமுக்குப் பெர்மிஷன் 755, யாரும் உள்ளே வந்து போகலாம். அதிலிருந்து புதிதாக உருவாகும் ஹோமுக்கு 750, போஸ்ட்கிரெஸ் யூசர் உள்ளே நுழைய முடியாது. டம்ப் தப்பித்தது எப்படி என்றால், அதை > போட்டு ஃபைலுக்குத் திருப்பியிருந்தேன். ஃபைலைத் திறந்தது என் பெயரில் ஓடும் ஷெல் (கமாண்டுகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்), அதாவது நான்.

கழுத்தறுத்தது அடுத்த வரியில், அதே போஸ்ட்கிரெஸ் யூசராக ஓடிய ஃபைண்ட் (ஃபைல் தேடும் கமாண்ட்). பழைய பேக்கப்புகளை ஒழுங்காக அழித்துவிட்டு, கிளம்பிய டைரக்டரிக்குத் திரும்ப முடியவில்லை என்று எரரோடு வெளியே வந்தது. ஸ்கிரிப்டில் செட் -இ (எரர் வந்தால் நிறுத்து என்பது) இருந்ததால் அங்கேயே நின்றுவிட்டது. அதற்குக் கீழே இருந்த ரிமோட் காப்பி மூன்று நாளாக நடக்கவே இல்லை. நான் கவலைப்பட்டது தப்பான வரிக்கு!

முதலில் அவசரத்தில் டைரக்டரி மாற்ற 'சூடோ சிடி' அடித்தேன், சிரிக்காதே. சிடி ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கமாண்ட், சூடோ போட்டுப் பயனில்லை என்பது எனக்குத் தெரியாதா என்ன? சூடோவில் 1.9.3 முதல் டைரக்டரி சொல்ல -டி (பெரிய எழுத்து) உண்டு, ஆனால் சூடோவின் விதிகள் இருக்கும் சூடோயர்ஸ் ஃபைலில் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அதற்கெல்லாம் பொறுமை இல்லை. ஸ்கிரிப்டின் தலையில் 'சிடி /' என்று ஒரு வரி போட்டு, டம்ப் ஃபைலுக்கு முழு பாத்தும் கொடுத்தேன். அமைதியாகிவிட்டது.

அப்புறம், நீ இன்னும் எஸ்யூவுக்கு (ஆள் மாறும் இன்னொரு கமாண்ட்) பின்னால் அந்தக் கோடு போடாமல், நிற்கிற டைரக்டரியிலேயே நின்றுதான் ரூட் (அட்மின்) ஆகிறாயா? காலேஜ் லேபில் அதற்காக எவ்வளவு சண்டை போட்டோம்! பொங்கலுக்கு ஊருக்கு வருவாய்தானே?

உன்,
பழைய ரூம்மேட்