நேரம் முடிய முன்னம் ஏலத்தை மூட விட்டது பற்றிய முறைப்பாடு

கிளிநொச்சி

வாடிக்கையாளர் சேவைப் பகுதிக்கு,

வணக்கம். உங்கட தளத்தில கன வருசமா சாமான் வாங்கிற ஆள் நான். கூடுதலா பேஸ்போல் சாமானுகள்தான், பழைய காட், புரோகிராம் (மட்ச் பாக்க வாறவைக்கு விக்கிற புத்தகம்), ரிக்கெற் துண்டு இப்பிடி. போன கிழமை நான் முன்னுக்கு நிண்ட ஒரு ஏலத்தை, முடிய இன்னும் ஒரு நாளுக்கு மேல கிடக்கேக்கயே விக்கிறவர் மூடிப்போட்டு பொருளை வெளியில வேற ஒராளுக்குக் குடுத்திட்டார். உங்களிட்ட முறையிட்டா, விக்கிறவருக்கு அந்த உரிமை இருக்கு, உங்களுக்குக் காசு நட்டம் ஒண்டும் இல்லைத்தானே எண்ட மாதிரி ஒரு ரெடிமேட் பதில் வருது. அந்தப் பதிலை நான் ஏற்கேல்ல, அதாலதான் இந்தக் கடிதம். உங்கட ஆப்பில தமிழில எழுதலாம் எண்டு கிடக்கிறபடியா தமிழிலயே எழுதிறன், தயவுசெய்து ஒரு மனுசர் இருந்து முழுசா வாசியுங்கோ.

பொருள் என்னெண்டா 1993 வேர்ல்ட் சீரிஸ், அதாவது மேஜர் லீக் பேஸ்போல் எண்ட அமெரிக்க-கனடா லீக்கின்ர இறுதித் தொடர், அதின்ர ஆறாவது மட்ச் புரோகிராமும் அதே மட்ச் ரிக்கெற் துண்டும், ரண்டும் சேத்து ஒரே ஏலத்தில. உங்கட ஆக்களுக்கு இது வெறும் பழைய கடதாசி மாதிரித் தெரியலாம், அதால என்ன மட்ச் எண்டு சொல்லவேணும். 1993 ஒக்டோபர் 23, ரொறன்ரோ ஸ்கைடோம் மைதானம், ரொறன்ரோ புளூ ஜேய்ஸும் பிலடெல்பியா பிலீஸும். ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸின்ர கடைசிப் பாதிக்கு ரொறன்ரோ அடிக்க வரேக்க 6க்கு 5 எண்டு பின்னுக்கு நிக்குது. ரிக்கி ஹெண்டர்சனுக்கு வோக் (அடிக்காமலே முதல் பேஸுக்குப் போறது), டெவன் வைட் அவுட், போல் மொலிட்டர் ஒரு அடி அடிச்சு பேஸுக்குப் போயிட்டார், அடுத்தது ஜோ கார்ட்டர். பிலீஸின்ர மிச் வில்லியம்ஸ் எறிஞ்ச பந்தை இடப்பக்கச் சுவருக்கு மேலால அனுப்பி (இதுதான் ஹோம் ரன்), பேஸில நிண்ட ரண்டு பேரோட தானும் ஓடி மூண்டு ஓட்டம் எடுத்து, 8க்கு 6 எண்டு மட்சையும் சீரிஸையும் ஒரே அடியில முடிச்சவர். வேர்ல்ட் சீரிஸ் ஒண்டு கடைசிப் பந்து ஹோம் ரன்னோட முடிஞ்சது அதுக்கு முன்னம் ஒரேயொருக்கால்தான், 1960ல பில் மசெரொஸ்கி அடிச்சது. 92லயும் கப் எடுத்த ரொறன்ரோவுக்கு இது தொடர்ந்து ரண்டாவது.

இந்த மட்சுக்கு ரிக்கெற் துண்டு இடைக்கிட ஏலத்துக்கு வாறதுதான், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா இந்தப் புரோகிராமில உள்ளுக்கு ஸ்கோர் எழுதிற பக்கம் பென்சிலால நிரப்பிக் கிடந்தது. விக்கிறவர் போட்ட படத்தைப் பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாத்தனான். முதல் எட்டு இன்னிங்ஸும் பள்ளிக்கூடப் பிள்ளை கொப்பியில எழுதின மாதிரி சின்னச் சின்ன எழுத்தில வடிவா, கோடு தப்பாம எழுதியிருக்கு. ஒன்பதாவதில ஹெண்டர்சன்ர பெட்டியும் சரி, மொலிட்டர்ர பெட்டியும் சரி. கார்ட்டர்ர பெட்டிக்கு வந்தா எழுத்தே இல்லை, பென்சிலை வைச்சு இழுத்த இழுவையில கடதாசி கொஞ்சம் கிழிஞ்சு கிடக்கு. எழுதின ஆள் அந்த நேரம் கதிரையில இருந்திருக்கமாட்டார் எண்டு படத்தைப் பாத்தாலே விளங்கும். நடுவால ஒரு மடிப்பு, கீழ்மூலையில ஏதோ ஊத்துப்பட்ட கறை. இப்பிடி ஒண்டு உலகத்தில ஒண்டுதான் இருக்கும்.

நான் சேக்கிற ஆள் எண்டபடியா இன்னொண்டும் தெரியும். மேஜர் லீக் பேஸ்போல் தங்கட சாமானுகளுக்கு ஹொலோகிராம் ஸ்ரிக்கர் ஒட்டி அத்தாட்சிப்படுத்திற வேலையைத் தொடங்கினது 2001லதான். அதுக்கு முந்தின சாமானுக்கு வெளிக் கம்பனியள் பாத்துச் சொல்லுறதும், அது யாரிட்ட இருந்து யாரிட்டப் போனது எண்ட கதையும்தான் அத்தாட்சி. அதால படத்தைப் பாத்ததோட விடாம விக்கிறவரிட்ட மெசேஜில கேட்டனான், யார் வைச்சிருந்தது, பென்சில் எழுத்து யாற்ர எண்டு. அவரும் மரியாதையாப் பதில் எழுதினவர், தகப்பன்ர எண்டு சொன்னவர். அந்த மெசேஜ் எல்லாம் உங்கட தளத்துக்குள்ளதான் கிடக்கு, நீங்களே எடுத்துப் பாக்கலாம்.

வன்னியில இருக்கிறவனுக்கு ஏன் பேஸ்போல் எண்டு கேப்பியள், உங்கட ஆக்கள் ஒராள் சற்றில கேட்டும்விட்டவர். என்ர தாய்மாமன் எண்பதுகள்ல கனடா போனவர், ரொறன்ரோவில ஒரு ரெஸ்ரோறன்ரில கோப்பை கழுவினவர். அங்க முதலாளி ரிக்கெற் குடுத்து இந்த மட்சுக்கு அனுப்பினவர். மாமா அந்த ரிக்கெற் துண்டை ஊருக்கு வந்த ஒராளிட்டக் குடுத்து அம்மாவுக்கு அனுப்பினவர், கூட ஒரு நீளக் கடிதம், யார் எங்க நிண்டவை, பந்து எங்கால போனது எண்டெல்லாம் கீறி. பேஸ்போல் மாதிரி அடிச்சிட்டு ஓடுற எல்லே விளையாடித் திரிஞ்ச எங்களுக்கு அது விளங்கக் கனநேரம் எடுக்கேல்ல. பிஸ்கற் ரின்னுக்குள்ள காணி உறுதியளோடயும் பிறப்புப் பத்திரத்தோடயும் அதுவும் கிடந்தது. 2008 கடைசியில சண்டைக்குள்ள கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு தர்மபுரம், விசுவமடு எண்டு இடம் மாறி மாறிப் போகேக்க அந்த ரின் போயிட்டுது. மாமாவும் இப்ப இல்லை. இதை இரக்கம் காட்டச் சொல்லி எழுதேல்ல, இந்த மாதிரிச் சாமானைத் தேடிற ஆக்களுக்கு ஒவ்வொருத்தருக்கும் இப்பிடி ஏதோ ஒண்டு பின்னால இருக்கும், அது தெரியாம "வேற ஒண்டைப் பாத்து வாங்குங்கோ" எண்டு நீங்கள் பதில் எழுதக்கூடாது எண்டதுக்காக எழுதிறன்.

சரி, நடந்ததுக்கு வாறன். ஏலம் ரொறன்ரோ நேரம் ஞாயிறு இரவு 9 மணிக்கு முடியவேண்டியது, எங்களுக்கு அது திங்கள் விடிய 6.30. நான் போட்ட உச்சத் தொகை உங்கட கணினியில பதிஞ்சு கிடக்கு, அதுவரைக்கும் தானா ஏறும், வேற ரண்டு பேர் ஏறி ஏறிப் பாத்திட்டு நிண்டிட்டினம், நான்தான் முன்னுக்கு. கரண்ட் போனாலும் எண்டு ஃபோனை சார்ஜில போட்டு, டேற்றாவும் போட்டு வைச்சிருந்தனான். சனிக்கிழமை பின்னேரம் பாத்தா ஏலம் முடிஞ்சுது எண்டு கிடக்கு. காரணம் "பொருள் இப்ப விற்பனைக்கு இல்லை". அவ்வளவுதான். பொருள் துலைஞ்சு போச்சோ, உடைஞ்சு போச்சோ எண்டு நெஞ்சு அடிச்சுக்கொண்டுதான் விக்கிறவருக்கு மெசேஜ் போட்டனான். மனுசன் ஒளிக்காமச் சொன்னவர், தனக்கு ஒராள் நேர எழுதி நல்ல விலை தந்தவராம், கையில காசாம், அதால குடுத்திட்டாராம், எனக்கு சொறியாம்.

உங்கட விதியில தளத்துக்கு வெளியால விக்கக்கூடாது எண்டு தடிச்ச எழுத்தில கிடக்கு. உங்கட மெசேஜ் பெட்டிக்குள்ளயே அந்தாள் ஒத்துக்கொண்டிருக்கிறார். அதைப் படம் பிடிச்சு உங்களுக்கு அனுப்பினனான். அதுக்குப் பிறகும் "விசாரிச்சோம், விதிமீறல் காணப்படேல்ல" எண்டு பதில் வருதெண்டா அந்தப் படத்தை ஒருத்தரும் திறந்து பாக்கேல்ல எண்டுதான் அர்த்தம்.

நட்டம் இல்லை எண்டியளே, அதையும் சொல்லுறன் கேளுங்கோ. அதே கிழமை இதே மட்ச் ரிக்கெற் துண்டு தனிய இன்னொரு இடத்தில போனது, விலையும் எனக்குக் கட்டும். நான் அதுக்குப் போகேல்ல, ஏனெண்டா உங்கட தளத்தில நான் சொன்ன தொகைக்கு நான் கட்டுப்பட்டவன், ரண்டையும் எடுக்க என்னட்டக் காசில்லை. இங்கயிருந்து வெளிநாட்டுக் காசு கட்டுறது எவ்வளவு கரைச்சல் எண்டு உங்களுக்குத் தெரியாது, 2022ல டொலர் இல்லாமப் போன நேரத்தில இருந்து இப்பிடியான சாமானுக்கு ரொறன்ரோ ஸ்காபரோவில இருக்கிற மச்சான்தான் எனக்காகக் கட்டி, பார்சலையும் தன்ர வீட்டுக்கு எடுத்து, ஆரும் ஊருக்கு வரேக்க குடுத்துவிடுறவர். அவரிட்டச் சொல்லிக் காசை ஒதுக்கி வைச்சு, அவர் அந்தக் கிழமை வேற செலவைத் தள்ளிவைச்சவர். அது உங்கட கணக்கில நட்டமில்லைப்போல.

இங்கதான் எனக்கு ஏறுது. நான் வெண்டுபோட்டு காசு கட்டாம விட்டா எனக்கு ஒரு கறுப்புப் புள்ளி விழும், திரும்பவும் செய்தா கணக்கையே பூட்டுவியள். "பிட் போட்டா (விலை கேட்டா) அது வாங்குவேன் எண்ட உறுதி" எண்டு ஒவ்வொருக்காலும் பட்டனை அமத்த முன்னம் எனக்குக் காட்டுறியள். அதே உறுதி விக்கிறவருக்கு இல்லையோ? ஒரு பக்கத்தை மட்டும் கட்டிப்போட்டு மற்றப் பக்கத்தை அவிட்டு விட்டா அதுக்குப் பேர் ஏலமில்லை, மற்றவையைக் கொண்டு விலை பாத்துச் சொல்லுவிக்கிறது. நாங்கள் ஏறி ஏறி விலை காட்டுறம், அதைப் பாத்திட்டு ஒராள் பின்கதவால போய் அதுக்கு மேல ஒரு சொட்டு வைச்சு எடுத்துக்கொண்டு போறார்.

முல்லைத்தீவுக் கரையில விடிய மீன் ஏலம் கூறுறதைப் பாத்திருக்கிறன். கூறத் தொடங்கினாப் பிறகு, விலை ஏறிக்கொண்டிருக்கேக்க, வள்ளக்காரன் நடுவால வந்து மீனைத் தூக்கி வேற ஒரு யாவாரியின்ர பெட்டிக்குள்ள போடமாட்டான். போட்டா அடுத்த நாள் அவன்ர மீனுக்கு ஒருத்தரும் வாய் திறக்காயினம். அங்க எழுத்தில விதி ஒண்டும் இல்லை.

விக்கிறவருக்கும் இதால லாபமெண்டு நான் நம்பேல்ல. இந்தச் சாமானுகளுக்கு உண்மையான சண்டை கடைசி நிமிசங்கள்லதான், கனபேர் கடைசிச் செக்கன் மட்டும் விலையைக் காட்டாமக் காவல் இருப்பினம். நேர எழுதி விலை பேசுறவர் அந்தச் சண்டை வாறதுக்கு முன்னம் எடுத்திட்டா அவருக்குத்தான் மலிவு. தகப்பன்ர பொருளை வித்த அந்த மனுசன் உண்மையில எவ்வளவுக்குப் போயிருக்கும் எண்டு இனித் தெரிஞ்சுகொள்ள மாட்டார். உங்களுக்கும் கொமிசன் போச்சு, அதிலயும் ஏன் சும்மா இருக்கிறியள் எண்டு எனக்கு விளங்கேல்ல.

பொருள் உண்மையாத் துலைஞ்சா, தண்ணி பட்டுப் பழுதாப் போனா, படத்தை மாத்திப் போட்டிட்டா மூடத்தான் வேணும், அதை நான் மறுக்கேல்ல. அப்பிடியெண்டா காரணத்தைக் கேளுங்கோ, பழுதான பொருளின்ர படத்தைக் கேளுங்கோ. "விற்பனைக்கு இல்லை" எண்ட ஒரு வரி காரணமில்லை. பிட் விழுந்த ஏலத்தைச் சும்மா மூட விரும்பினா அந்த நேரத்தில முன்னுக்கு நிக்கிறவருக்கு அந்த விலைக்குக் குடுத்திட்டுத்தான் மூடவேணும் எண்டு வையுங்கோ, அதுகூட வேண்டாமெண்டா கடைசி ரண்டு நாளாவது அந்தப் பட்டனையே எடுத்துவிடுங்கோ. இன்னொண்டு, ஒரு விக்கிறவர் எத்தினை ஏலத்தை இடையில மூடியிருக்கிறார் எண்டதை அவரின்ர பக்கத்தில எல்லாருக்கும் தெரியப் போடுங்கோ. நான் காசு கட்டாட்டி அது எவ்வளவு கெதியா என்ர கணக்கில தெரியுதோ அவ்வளவு கெதியா அதுவும் தெரியவேணும். அப்பிடித் தெரிஞ்சிருந்தா நான் மற்றத் துண்டுக்குப் போயிருப்பன்.

என்ர விசயத்தில எனக்கு வேண்டியது இதுதான். முறைப்பாட்டைத் திரும்பத் திறந்து அந்த மெசேஜுகளை ஒராள் உண்மையா வாசிக்கவேணும். வெளியில வித்தது உங்கட விதிக்கு மாறோ இல்லையோ எண்டு நேரடியாச் சொல்லவேணும், சுத்தி வளைக்காம. விக்கிறவர் ஊடாக வாங்கின ஆளுக்கு ஒரு செய்தி குடுக்கச் சொல்லுங்கோ: எப்பவாவது விக்க நினைச்சா முதல் என்னட்டக் கேக்கட்டும், ஆகக் குறைஞ்சது ஒன்பதாவது இன்னிங்ஸ் பக்கத்தை வடிவா ஸ்கான் பண்ணி அனுப்பட்டும், அதுக்குரிய காசை நான் தருவன். நட்டஈடு எண்டு உங்கட கூப்பன் எனக்கு வேண்டாம், போன முறை அனுப்பினதையும் பாவிக்கேல்ல, திருப்பி எடுங்கோ.

ஏலத்தின்ர இலக்கம், மெசேஜ் படங்கள், உங்கட ரண்டு பதில், எல்லாம் இதோட இணைச்சிருக்கிறன். பதில் தமிழில வந்தா நல்லம், இங்கிலிஷில வந்தாலும் மச்சானைக் கொண்டு வாசிப்பன், ஆனா எழுதினவரின்ர பேர் அடியில இருக்கவேணும்.

இப்படிக்கு,
உங்கட வாடிக்கையாளர்,
கிளிநொச்சி