விடு என்று எழுதினேன், வீடு என்று கேட்டது

பட்டர்வொர்த், மலேசியா,
ஞாயிறு இரவு

அன்புக் கூட்டாளிக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபெர்ரியில் வைத்துக் கேட்டேன். இஞ்சின் சத்தத்தில் பாதி புரியவில்லை. கரை இறங்கியதும் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு மறுபடி கேட்டேன். மகள் பேங்க் வேலையை விட்டுவிட்டு இனிமேல் கிட்டார்தான் என்கிறாள், இருபது வருஷத்துக்கு மேலாக அதிலேயே கிடக்கிற நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தாய். வாட்ஸ்அப்பில் பதில் சொன்னால் ரெண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அப்படி முடிக்கிற விஷயமா இது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவுக்குத்தான் முட்டி வலி. இந்தத் தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படியையும் அவரால் ஏற முடியவில்லை. ரதம் வருகிற வழியில் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பினோம். நீ நலமா என்று இரண்டு தடவை கேட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் காசு. அதைத்தான் நீ கேட்கத் தயங்கினாய் என்று உன் குரலிலேயே தெரிந்தது. இப்போது என்னிடம் 24 பேர் கிட்டார் படிக்கிறார்கள். வாரம் ஒரு தடவை, முக்கால் மணி நேரம், ஆளுக்கு மாதம் 130 ரிங்கிட். மூவாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். பள்ளி விடுமுறை மாதத்தில் அதில் நல்ல பங்கு குறைந்துவிடும். கல்யாண விருந்து, உணவகம் என்று மாதத்தில் மூன்று நான்கு இரவு வாசிக்கப் போகிறேன். சொந்தப் பாட்டில் வருகிற காசு மாதச் செலவுக்கு உதவாது. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டை 12 மாதத்துக்குள் 1,000 தடவையாவது யாராவது கேட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பாட்டுக்கு ஒரு சென் கூடக் கிடையாது. என் பாட்டுகளில் சில அந்தக் கோட்டைத் தாண்டும், சில தாண்டாது. எம்.ஏ.சி.பி.யில் பாடல்களைப் பதிந்து வைத்திருக்கிறேன். பாட்டு எழுதுகிறவர்களுக்காக 1989-இல் தொடங்கிய சங்கம் அது. வானொலியிலோ கடையிலோ நம் பாட்டு ஒலித்தால் உரிமைத்தொகையை வசூலித்துத் தருவார்கள். பெரிய தொகை வராது. ஆனால் எழுதியவன் யார் என்பதற்கு ஒரு பதிவு இருக்கிறது, அது வேண்டும்.

அவளுக்கு இப்போது சம்பளத்தில் 11 விழுக்காடு ஊழியர் சேமநிதியான இபிஎஃப்புக்குப் போகும், முதலாளி 12 அல்லது 13 போடுவார். வேலையை விட்ட அன்றே அது நின்றுவிடும். சுயதொழில் செய்கிறவர்கள் இபிஎஃப்பின் ஐ-சாரான் திட்டத்தில் தாங்களே கட்டலாம், அரசாங்கமும் வருஷத்துக்கு ஒரு தொகை சேர்க்கும். நான் ரொம்பத் தாமதமாகத்தான் சேர்ந்தேன். அந்த வருஷங்கள் திரும்பி வராது. அவளை முதல் மாதமே கட்டச் சொல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஓர் உணவகத்தில் மூன்று மாதம் வாசித்தேன். கடைசி மாதக் காசு இன்று வரை வரவில்லை. வாய்ப்பேச்சை நம்பிப் போனேன், கையில் ஒரு தாள் இல்லை, யாரிடம் போய்க் கேட்பது? இன்னமும் மனசு எரிகிறது. இப்போதெல்லாம் தேதி, நேரம், தொகை மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, பாதிக் காசை முன்னாலேயே கேட்கிறேன். கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

இனிதான் நான் சொல்ல நினைத்தது. நாம் பேண்டு வைத்திருந்த காலத்தில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறவனை எப்படிப் பார்த்தோம், ஞாபகம் இருக்கிறதா? மேடை கிடைக்காதவன் செய்கிற வேலை என்று நினைத்தோம். நானும் வாடகை கட்ட வழியில்லாமல்தான் அதற்குள் போனேன். இன்றைக்குச் சொல்கிறேன், என் பாட்டுகளில் எனக்கே பிடித்த அத்தனையும் நான் சொல்லிக்கொடுக்கிற அந்தச் சின்ன அறையில் பிறந்தவை.

ஒரு பெண் பிள்ளை என்னிடம் படிக்கிறாள். தமிழ்ப்பள்ளி முடித்து இப்போது இடைநிலைப்பள்ளியில் ஃபோர்ம் ஒன், அதாவது முதல் வருஷம். போன வருஷம் ஒரு பாட்டு எழுதிக்கொண்டிருந்தேன். 'என்னை விடு' என்று பல்லவி. ராக் பாட்டில் பல்லவி என்றால் நீட்டிப் பாட வேண்டும், அப்போதுதான் கூட்டம் சேர்ந்து பாடும். நானும் 'விடு'வில் வருகிற 'வி'யை இரண்டு தட்டுக்கு இழுத்தேன், பின்னால் ஆம்பில் கிட்டார் ஒலியைக் கரகரக்க வைக்கிற டிஸ்டார்ஷனை ஏற்றி வைத்தேன். நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்து அவளுக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "சார், என்னை வீடுன்னு கேக்குது" என்றாள்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் சொன்னதுதான் சரி. குறிலை இழுத்தால் தமிழில் அது வேறு சொல்லாகிவிடும். மலை மாலையாகும், படம் பாடமாகும், கல் காலாகும். ஆங்கிலப் பாட்டில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. அங்கே எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்றுதான் காது பார்க்கும், டிரம்ஸில் இரண்டாவது நாலாவது தட்டில் ஸ்னேர் என்கிற சின்ன டிரம் விழ, அதற்கேற்பச் சொல்லை உட்கார வைப்பார்கள். நமக்கோ சொல்லுக்குள்ளேயே அளவு இருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அது முழுக்கத் தாளக் கணக்கு என்று எனக்கு இத்தனை வயதில் ஒரு சின்னப் பிள்ளை சொல்லித்தான் புரிந்தது.

அன்றிரவே பல்லவியைக் கலைத்தேன். 'விடு'வைத் தட்டுக்கு முன்னால் இரண்டு சின்ன அடியாக, கம்பியை மீட்டுகிற பிக் மேலும் கீழும் ஒரு தடவை போய்வருகிற நேரத்துக்குள் முடித்தேன். அடுத்து வருகிற 'நான்' என்ற சொல்லுக்கு நாலு தட்டையும் கொடுத்தேன். 'என்னை விடு, நா...ன் போறேன்'. நெடில் தாங்கும், எவ்வளவு இழுத்தாலும் அது அதுவாகவே நிற்கும். அப்புறம் இன்னொன்றும் கண்டுபிடித்தேன். 'பக்கம்', 'விட்டு', 'எப்போ' மாதிரிச் சொற்களில் ஒற்று இரட்டிக்கிற இடத்தில், உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அடக்கி அடித்தால், கிட்டாரே அந்த எழுத்தைச் சொல்வது போலக் கேட்கிறது. இதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. நீ பேஸ் கிட்டாரை எடுத்து ஒரு தடவை அடித்துப் பார், உனக்கே தெரியும்.

உன் அப்பா ஆலிகேட்ஸ் பேண்டின் கேசட்டைத்தான் லோரியில் போட்டுக்கொண்டு வருவார். டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் நம் பினாங்கிலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பிகள் என்று அவருக்கு அவ்வளவு பெருமை. 2007-இல் லோகநாதன் தவறியபோது நாள் முழுக்க அந்தக் கேசட்டையே ஓட்டினார் என்று நீதான் சொன்னாய். அவர்கள் நாடறிந்தது மலாய்ப் பாட்டால். தமிழ் ராப்புக்கு யோகி பி போன்றவர்கள் இங்கே வழி போட்டார்கள். தமிழ் ராக் மட்டும் ஏன் பின்தங்கியது என்று நாம் மாமாக் சாப்பாட்டுக் கடையில் மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். எனக்கு இப்போது ஒரு காரணம் தோன்றுகிறது. ராப்பில் சொல் பேச்சு வேகத்தில் ஓடும், குறில் குறிலாகவே இருக்கும். ராக்கில்தான் இழுக்க வேண்டியிருக்கிறது, இழுக்கிற இடத்தில் நாம் ஆங்கிலப் பாட்டின் அச்சில் தமிழை ஊற்றிவிடுகிறோம். இந்த வேலை இன்னும் முடியாமல் கிடக்கிறது. உன் மகள் மாதிரி ஆள் அதற்குத் தேவை.

இங்கே பக்கத்தில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவர் ஒருவர் என்னிடம் வந்தார், நம்மை விட ஏழெட்டு வயது இளையவர். முதல் நாள் இடது கையைப் பாக்கெட்டுக்குள்ளேயே வைத்திருந்தார். வெளியே எடுத்தபோதுதான் பார்த்தேன், மோதிர விரல் நுனி இல்லை. மெஷினில் போய்விட்டதாம். ஆறிய இடத்தில் தோல் மெல்லிசாக, பளபளவென்று இருந்தது. கம்பியில் வைத்தாலே முகம் சுருங்கியது. "கத்துக்க முடியுமா மாஸ்டர்?" என்று கேட்டார்.

நான் அவருக்கு பிளாக் சாபத் பேண்டின் கிட்டார்காரர் டோனி ஐயோமி கதையைச் சொன்னேன். பர்மிங்காமில் தகரப் பட்டறை வேலைக்குப் போன பதினேழு வயதுப் பையன். இடது கைப் பழக்கம் என்பதால் வலது கையால்தான் கம்பியை அழுத்துவான், அந்தக் கையில் இரண்டு விரல் நுனியை மெஷின் கொண்டுபோனது. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு மூடி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய கம்பி மாட்டி வாசித்தான். பின்னாளில் கம்பியின் இழுப்பைத் தளர்த்தச் சுதியையும் இறக்கினான். ஹெவி மெட்டலின் அந்தக் கனத்த ஒலிக்கு அதுவும் ஒரு காரணம்.

கதை சொன்னால் போதுமா? அவருடைய பழைய கைக்கடிகாரத் தோல்வாரில் ஒரு துண்டு வெட்டி, விரலுக்கு உறை தைத்தோம். முதல் வாரம் வியர்வையில் வழுக்கிக் கழன்றது. நம் ஊர் வெக்கைக்குக் கம்பியே துருப்பிடிக்கிறது, தோல் எங்கே நிற்கும். உள்ளே மருத்துவ டேப் சுற்றினோம், நின்றது. 0.010 அங்குலத் தடிமன் கம்பியைக் கழற்றிவிட்டு இன்னும் மெல்லிய 0.008 மாட்டினேன், சுதியை அரை சுரம் இறக்கினேன். மூன்று விரல் வேண்டிய கார்டுகளை, அதாவது பல சுரங்களைச் சேர்த்து அடிக்கிற பிடிகளை ஒதுக்கி, இரண்டே கம்பியில் வாசிக்கிற பயிற்சிகளாக எழுதினேன். நாலாவது வாரம் இரண்டே சுரம் உள்ள ஒரு பவர் கார்டு சுத்தமாக விழுந்தது. அவர் அதை நிறுத்தவே இல்லை, பத்து நிமிடம் அதே கார்டை அடித்துக்கொண்டிருந்தார். நானும் நிறுத்தச் சொல்லவில்லை. அவருக்காக எழுதிய அந்த இரண்டு கம்பிப் பயிற்சிதான் 'என்னை விடு'வின் தொடக்கத்தில் வருகிறது. ஆறு கம்பியும் பத்து விரலும் உள்ள நான் தனியாக உட்கார்ந்திருந்தால் அவ்வளவு எளிமையாக ஒன்றை எழுதியிருக்க மாட்டேன்.

எல்லாப் பாடமும் இப்படி அமையாது. பெற்றோர் பலருக்குச் சான்றிதழ் வேண்டும். ராக்ஸ்கூல், டிரினிட்டி தேர்வுகளுக்கு நானும் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன், அதில் ஓர் ஒழுங்கு வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஐந்தாம் கிரேடு தேறிய பிள்ளை ஒரு டிரம்ஸ்காரரோடு நாலு நிமிடம் சேர்ந்து வாசிக்கத் திணறுவதையும் பார்க்கிறேன். அதனால் மாதக் கடைசி ஞாயிறு எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்துச் சேர்ந்து வாசிக்கச் சொல்கிறேன். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாம் இணையத்துக்குப் போனபோது மாணவர்களில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். காசுக் கஷ்டத்தைத் தாங்கிக்கொண்டேன். ஒலி தாமதமாகப் போய்ச் சேருவதால் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து வாசிக்க முடியவில்லையே, அதுதான் தாங்கவில்லை.

மகளைத் தடுக்காதே. ஆனால் வேலையை இந்த மாதமே விட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். சனி ஞாயிறில் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்க இப்போதே தொடங்கட்டும். ஆறு மாதத்தில் அது பத்துப் பேரானால் வேலையை விடலாம். கடைசியில் வேறு வழியில்லாமல் போய் நிற்கிற இடமாக நான் சொல்லிக்கொடுப்பதை நினைத்தேன், அதனால் எனக்குப் பல வருஷம் வீணானது. அவள் அங்கிருந்தே தொடங்கட்டும். அப்புறம், அவள் எழுதிய பாட்டு இருந்தால் எனக்கு அனுப்பச் சொல். சுமாராகப் பதிந்தது போதும், ஃபோனில் பாடியது போதும்.

பள்ளி விடுமுறைக்கு வருவதாகச் சொன்னாயே, அவளையும் கூட்டிக்கொண்டு வா. ஜொகூரிலிருந்து அவ்வளவு தூரம் காரில் வருகிறாய், காரைப் பட்டர்வொர்த்திலேயே விட்டுவிடு, தீவுக்குப் போகிற இப்போதைய ஃபெர்ரியில் காருக்கு இடமில்லை. நடந்தே ஏறுவோம். உன் பேஸ் இன்னும் என் அலமாரிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. கழுத்து லேசாக வளைந்திருந்தது, போன வாரம்தான் திருகி நேராக்கினேன். நாலு கம்பியும் புதிதாக மாட்டி வைக்கிறேன். அந்த ஞாயிறு நீயும் எங்களோடு உட்கார வேண்டும், பிறைக்காரர் உன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி