தென்காசி மாவட்டம், புளியரையிலிருந்து

அன்புள்ள செல்விக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பெரியவன் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். உன் சித்தப்பா இன்னும் அந்த ஜீப் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார், இப்போது அதில் யானையும் சேர்ந்துவிட்டது.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. போன வாரம் குளத்தங்கரையில் குப்பை அள்ளும்போது நம் தூய்மைப் பணியாளர் அக்காவின் விரலில் ஊசி குத்திவிட்டது. ஆஸ்பத்திரிக் கழிவு போடும் மஞ்சள் பை கிழிந்து, ரத்தம் காய்ந்த பஞ்சும் சலைன் குழாயும் கோரையில் சிக்கிக் கிடந்தன. பையில் மலையாள எழுத்து. சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துவிட்டு அவர் மறுபடி குனிந்தார். நாங்கள் விடவில்லை. எச்ஐவி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்று நீ சொன்னது நினைவிருந்தது. அன்று சாயங்காலமே அரசு ஆஸ்பத்திரியில் தொடங்கிவிட்டார்கள். 28 நாள் சாப்பிட வேண்டும். குமட்டுகிறது என்கிறார். தினமும் யாராவது ஒருத்தி கூடவே இருந்து சாப்பிட வைக்கிறோம்.

2024 டிசம்பரில் திருநெல்வேலியை அடுத்த நடுக்கல்லூர், கோடகநல்லூர்ப் பக்கம் கொட்டிய கேரள மருத்துவக் கழிவை, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்ட பிறகு கேரளாவே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. மருத்துவக் கழிவு கொட்டினால் குண்டர் சட்டம் என்று 2025-இல் சட்டத்தையும் திருத்தினார்கள். சரி. ஆனால் டீக்கடையில் 'கேரளாக்காரன்' என்று திட்டிவிட்டு எழுந்து போகிறார்களே, அதுதான் எனக்கு ஆத்திரம். இங்கிருந்து லோடு ஏற்றிப் போகிற வண்டிதான் காலியாகத் திரும்பாமல் இதை ஏற்றி வருகிறது. கொட்ட இடம் காட்டிக் காசு வாங்குகிறவன் நம்மவன். கிராம சபையில் இதைச் சொன்னதும் இரண்டு பேர் எழுந்து போனார்கள். போகட்டும், தீர்மானம் நிறைவேறிவிட்டது.

இப்போது நாங்கள் கேட்பது இதுதான்: கேரள எல்லைப் பஞ்சாயத்துகளில் குப்பை அள்ளுகிற எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும், தடித்த கையுறையும். மருத்துவக் கழிவைக் கையாளுகிறவர்களுக்கு அந்த ஊசி போட வேண்டும் என்று 2016 மருத்துவக் கழிவு விதிகளிலேயே இருக்கிறது. அதே கழிவைத் தெருவில் அள்ளுகிறவருக்கு மட்டும் ஏன் இல்லை செல்வி? அவர் கையும் கைதானே!

வருகிற திங்கள் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கிறோம். ஊசி குத்தினால் உடனே என்ன செய்ய வேண்டும் என்று, எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி ஒரு தாளில் படம் போட்டு அனுப்பு. ரெக்கார்டு நோட்டில் மாங்காய் வரைந்து இதயம் என்றாயே, அப்படி வேண்டாம். சனிக்கிழமைக்குள் வந்தால் நகல் எடுத்து மனுவோடு இணைத்துவிடுவேன்.

அன்புடன்,
வள்ளி