அண்ணனின் சாப்பாட்டுத் தட்டு மட்டுமா காரணம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

முதியோரின் இதய நலம் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரை கொழுப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைத் தெளிவாக விளக்கியிருந்தது. ஆயினும் வயது ஏறுவதே இதயத்துக்கு ஏன் ஆபத்தாகிறது என்ற கேள்விக்கு அண்மைக் காலத்தில் கிடைத்துள்ள ஒரு விடையை அது தொடவில்லை.

எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களுள் ஏதேனும் ஒன்றின் மரபணுவில் தற்செயலாக நேரும் மாற்றம் அதற்கு மற்றவற்றை முந்திப் பெருகும் வலிமையைத் தந்துவிட்டால், ஆண்டுகள் செல்லச் செல்ல நம் வெள்ளை அணுக்களில் கணிசமான பங்கு அந்த ஒற்றைச் செல்லின் வழித்தோன்றல்களாகவே ஆகிவிடக்கூடும். இது பெற்றோரிடமிருந்து வருவதும் அன்று, பிள்ளைகளுக்குப் போவதும் அன்று. 17,182 பேரிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில், நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களிடம் அரிதாக இருந்த இம்மாற்றம், எழுபதுகளில் இருந்தவர்களில் 9.5 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. இரத்தப் புற்றுநோய்க்கு இது முன்னோடியாகலாம் என்பது எதிர்பார்த்ததே; இதய நோயோடும் தொடர்பு இருந்ததுதான் வியப்பு. சித்தார்த்த ஜெய்ஸ்வாலும் சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, இம்மாற்றம் உடையவர்களுக்கு இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு. இம்மாற்றம் அடிக்கடி நேரும் மரபணுக்களுள் ஒன்றான டெட்-2 செயலிழந்த மஜ்ஜையைப் பெற்ற எலிகளின் இரத்தக் குழாய்ச் சுவர்களில் கொழுப்புப் படிவு பெருத்தது. அத்தகைய வெள்ளை அணுக்கள் அளவுக்கு மீறி அழற்சியைத் தூண்டுவதே காரணம் என்று கண்டறிந்தார்கள்.

என் அண்ணனுக்கு எழுபத்தோராம் வயதில் மாரடைப்பு வந்தது. கொழுப்பும் சர்க்கரையும் கட்டுக்குள்ளேயே இருந்தன. இருந்தும் பார்க்க வந்த உறவினர் ஒவ்வொருவரும் அவருடைய சாப்பாட்டையே குறை சொன்னார்கள். கடைசிவரை அவரும் தம்மையே நொந்துகொண்டார். அவருடைய இரத்தத்தில் இம்மாற்றம் இருந்ததா என்று யாரும் சோதித்ததில்லை, ஆகவே அதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நோயாளியின் ஒழுக்கத்தில் மட்டுமே காரணத்தைத் தேடும் வழக்கம் எவ்வளவு கொடியது என்பதை அருகிலிருந்து பார்த்தவன் நான்.

ஓர் இரத்தவியல் மருத்துவரைக் கொண்டு இதுபற்றி விரிவாக எழுதச் செய்யுமாறு வேண்டுகிறேன். இம்மாற்றத்தை நீக்கும் மருந்து எதுவும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்பதையும், ஆரோக்கியமாக இருப்பவர்கள் பணம் செலவழித்து இதற்கென மரபணுச் சோதனைக்கு ஓட வேண்டியதில்லை என்பதையும், மருத்துவர் தந்த மாத்திரைகளை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது என்பதையும் அக்கட்டுரை அழுத்திச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர்